ஆழத்தில் ஓடிய நரம்பு

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு என்னைக் காப்பாற்ற ஆசுபத்திரியில் ஓர் இயந்திரம் இருந்தது. என் உடம்பிலிருந்து அந்த இயந்திரத்துக்கு இரத்தம் போய்வர ஒரு நல்ல வழிதான் இருக்கவில்லை. அந்த வழியைத் தேடியே எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் கழிந்தது.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. திருகோணமலை நகரத்தில் ஒரு பெண்கள் பாடசாலையின் சிற்றுண்டிச்சாலையை நடத்திக்கொண்டிருந்தேன். என் கணவர் உட்துறைமுகப் பக்கம் ஒரு கொட்டிலில் வள்ளங்களின் என்ஜின் திருத்துபவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் சின்ன வயதிலிருந்தே பருமனானவள். சீனி வருத்தமும் பிரஷரும் முப்பது வயதிலேயே வந்துவிட்டன. நாற்பத்தேழில் கால்கள் வீங்கி, படி ஏற மூச்சு முட்டி, ஒரு நாள் சிற்றுண்டிச்சாலைத் தரையில் விழுந்தேன். ஆசுபத்திரியில் கண் விழித்தபோது கழுத்தின் வலது பக்கத்தில் ஒரு குழாய் போட்டிருந்தார்கள். தோலுக்கு வெளியே அதன் இரண்டு முனைகள் தொங்கின. ஒரு முனையால் இரத்தம் இயந்திரத்துக்குப் போகும், மற்ற முனையால் சுத்தமாகித் திரும்பி வரும்.

"இது கொஞ்ச நாளைக்குத்தான். கழுத்துக் குழாயில கிருமி பிடிக்கும். கையில பிஸ்டுலா போட வேணும்" என்றார் வாட்டு டொக்டர்.

பிஸ்டுலா என்றால் என்னவென்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். கைக்குள் இரத்தம் திரும்பிப் போகிற குழாயைத்தான் நாங்கள் நரம்பு என்போம்; அதை வெட்டிப் பக்கத்தில் ஓடும் நாடிக் குழாயோடு இணைத்துவிடுவார்கள். நாடியின் வேகத்தில் இரத்தம் பாயப் பாய அந்த நரம்பு தடித்துப் பலமாகும். பிறகு ஒவ்வொரு தரமும் அதற்குள் ஊசி போட்டு இயந்திரத்தோடு இணைக்கலாம். கழுத்துக் குழாயைக் கழற்றி எறிந்துவிடலாம்.

கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணித்தியாலம். இயந்திரத்தில் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பிறகும் நிறுத்துப் பார்ப்பார்கள். உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று கணக்கிட அது வேண்டும். ஆனால் நிறை பார்ப்பவர் அதைக் குறித்துக்கொள்கிற மற்றவருக்குச் சத்தமாகத்தான் சொல்லுவார். "நூத்திப் பதினாறு!" என்று அவர் சொல்லும்போது கட்டில்களில் கிடப்பவர்கள் எல்லாரும் தலையைத் திருப்புவார்கள். பிரஷர் பார்க்கிற பட்டி என் கையைச் சுற்றி வராது. பெரிய பட்டியைத் தேடி யாராவது அடுத்த வாட்டுக்கு ஓடவேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பேன்.

அந்தப் பிரிவில் மூதூரிலிருந்து வரும் ஒரு தாதி இருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. நாங்கள் எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம், அவள் என்னை அக்கா என்பாள். அவள் வேலையில் இருக்கும் நாட்களில் என் நிறையை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. தானே வந்து பார்த்து, தானே குறித்துக்கொண்டு போய்விடுவாள். அதற்காக அவளுக்கு நான் ஒருபோதும் நன்றி சொன்னதில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம்.

இரண்டாவது மாதம் பிஸ்டுலா போடுவதற்காக வெளியூர் ஆசுபத்திரி ஒன்றின் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். விடியப் பஸ் ஏறிப் போனோம். அங்கே ஓர் இளம் டொக்டர் என் மேற்கையில் இறப்பர் பட்டியைக் கட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். வலது கை, இடது கை, திரும்பவும் வலது கை. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"உங்கட கையில நரம்பே இல்ல அம்மா. முதல்ல மெலியுங்கோ. இருபது கிலோவாவது குறைச்சிட்டு வாங்கோ, பாப்பம்."

என் கணவர் கேட்டார், "அதுவரைக்கும் என்ன டொக்டர் செய்யிறது?"

"கழுத்துக் குழாயிலயே செய்யட்டும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் அந்த இருபது கிலோவையே கணக்குப் பார்த்துக்கொண்டு வந்தேன். இயந்திரத்திலிருந்து இறங்கும் நாளில் வீட்டுப் படலையைத் திறக்கக்கூட எனக்குத் தெம்பிருக்காது. நடக்க ஏலாது. நாளுக்கு அரை லீற்றர் தண்ணீர்தான் குடிக்கலாம். வாழைப்பழம் இல்லை, இளநீர் இல்லை, கீரையை இரண்டு தரம் அவித்து நீரை ஊற்றிவிட்டுத்தான் தின்னவேண்டும். இதற்குமேல் எதைக் குறைப்பது? குறைத்துப் பார்த்தேன். நான்கு கிலோ போனது. அது கொழுப்பில்லை, சதை போகிறது என்று வாட்டு டொக்டர் ஏசினார்.

நான்காவது மாதம் கிருமி பிடித்தது. இயந்திரத்தில் ஏறி அரைமணி நேரத்தில் நடுக்கம் வந்தது. பல்லோடு பல் மோதியது, கட்டில் ஆடியது, நாலு போர்வை போட்டும் குளிர் நிற்கவில்லை. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். கழுத்து மடிப்பில் எப்போதும் வியர்வை. எங்களூர் வெயிலில் பிளாஸ்டர் அங்கே ஒரு நாளும் ஒழுங்காக ஒட்டியதில்லை. அந்தக் குழாயைக் கழற்றி, இரண்டு நாள் விட்டு இடது பக்கத்தில் இன்னொரு குழாய் போட்டு, ஒன்பது நாள் ஊசிமருந்து ஏற்றினார்கள்.

"இன்னும் ரெண்டு மூண்டு இடந்தான் இருக்கு. எல்லாம் முடிஞ்சா எங்களுக்குப் போட இடமில்லை" என்று வாட்டு டொக்டர் என் கணவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

அந்தக் கிழமைதான் மூதூர்த் தாதி என் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இதுக்கு முதல் உங்கட முழங்கைக்கு மேல யாராவது எப்பயாவது ஊசி ஏத்தியிருக்காங்களா?"

"எங்க மிஸ்? ஒருத்தருக்கும் அங்க நரம்பு கிடைக்கிறேல்லை. எல்லாரும் புறங்கையிலதான் குத்திறவை."

"அப்ப உள்ள இருக்கிறது புது நரம்பு. மெலிஞ்ச ஆக்களுக்கு அந்த நரம்பையெல்லாம் நாங்களே குத்திக் குத்திப் பழுதாக்கியிருப்பம். உங்களுக்குக் கொழுப்புக்குக் கீழ ஒருத்தரும் தொடாம இருக்கும். கையால தடவிப் பாத்துட்டு நரம்பு இல்லன்னு சொல்ல ஏலாது. ஸ்கேன்ல பாக்கணும்."

"அவர் மெலிஞ்சிட்டு வரச் சொன்னாரே."

"நீங்க மெலியிற வரைக்கும் குழாய் காத்துக்கிட்டு இருக்காது அக்கா. ஸ்கேன் பண்ணச் சொல்லி நீங்க கேளுங்க. விடாம கேளுங்க."

கேட்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். பருமனானவர்கள் எங்கே போனாலும் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு போகப் பழகிவிடுவோம். ஆனாலும் கேட்டேன். இரண்டு இடத்தில் மறுத்தார்கள். மூன்றாவது, மட்டக்களப்பில் ஒரு பெண் சத்திரசிகிச்சை நிபுணர். அவர் என்னைப் படுக்கவைத்து, கையில் குளிர்ந்த பசையைத் தடவி, ஸ்கேன் கருவியை மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தி, திரையில் அளந்து, திரும்பவும் அளந்தார்.

"நல்ல நரம்பு" என்றார் கடைசியில். "இடது மேற்கையில இருக்கு. அகலம் போதும். ஆனா கனக்க ஆழத்தில ஓடுது. இதை இணைச்சாலும் ஊசி எட்டாது. ரெண்டாம்தரம் வெட்டி நரம்பை மேல தூக்கி, தோலுக்குக் கீழ வைக்க வேண்டி வரலாம். அதுக்கும் சம்மதம் எண்டால் செய்வம்."

நான் சம்மதம் என்றேன். நரம்பு இருக்கிறது என்று ஒருவர் சொன்ன சந்தோஷத்தில் இரண்டாவது வெட்டைப் பற்றி யோசிக்கவேயில்லை.

முதல் சத்திரசிகிச்சை சுகமாக முடிந்தது. அடுத்த நாள் முழங்கை மடிப்பில் விரலை வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு தெரிந்தது. இரத்தம் பாய்கிற அதிர்வு. என் கணவர் குனிந்து காதை வைத்துக் கேட்டார். நாள் முழுவதும் என்ஜின் சத்தம் கேட்கிற மனிதர்.

"ஓடுது" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு நாள் காலையும் தேத்தண்ணி வைப்பதற்கு முன் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் போவார்.

எட்டுக் கிழமை கழித்து ஊசி போட்டுப் பார்த்தார்கள். அன்று வேறொரு தாதி. அதிர்வு தெரிகிறது, ஆனால் நரம்பு எங்கேயென்று பிடிபடவில்லை. முதல் ஊசி தவறியது. இரண்டாவது ஊசி நரம்பின் மறுபக்கத்தைத் துளைத்துவிட்டது. சில நிமிடங்களில் மேற்கை பூசணிக்காயாக வீங்கியது. பத்து நாள் கறுப்பும் ஊதாவுமாகக் கிடந்தது. கையைத் தூக்க முடியாமல் என் கணவர்தான் சட்டை மாட்டிவிட்டார். அந்தப் பத்து நாளும் அவர் காதை வைத்துக் கேட்க வரும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நின்றுபோயிற்று என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயம். நிற்கவில்லை.

மட்டக்களப்பு நிபுணர் திரும்ப ஸ்கேன் செய்து பார்த்தார். நரம்பு நன்றாகத் தடித்திருந்தது. ஆனால் அவர் முதலில் சொன்னதுபோலவே ஆழம். வெட்டித் தூக்கவேண்டும்.

இந்தத் தரம் நான் மறுத்தேன். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன்.

"எனக்கு ஏலாது. சீனி வருத்தக்காரி நான். கையை இவ்வளவு நீளத்துக்கு வெட்டினா காயம் ஆறுமோ? ஆறாட்டி கையை எடுக்கவேண்டி வந்தா?"

"குழாயிலயே இருந்தா எத்தினை நாளைக்கு?" என்றார் கணவர்.

"இருக்கிற நாளைக்கு."

"நீர் உம்மை மட்டும் நினைச்சுக் கதைக்கிறீர்" என்றார். முப்பது வருடத்தில் அவர் என்னோடு குரல் உயர்த்தியது அந்த ஒரு தரம்தான். பிறகு எழுந்து கொட்டிலுக்குப் போய்விட்டார். அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. நான் பொழுதுபடும்வரை குசினி வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்ததும், "போவம். நாளைக்கே கோல் எடுத்துச் சொல்லுங்கோ" என்றேன்.

இரண்டாவது வெட்டு முழங்கையிலிருந்து கக்கம் வரை. நரம்பைக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்து, தோலுக்குக் கீழே புதிதாக ஒரு பாதை செய்து அதில் வைத்தார்களாம். காயத்தின் மேல்முனை மூன்று கிழமை நீர் வடிந்துகொண்டேயிருந்தது. என் கணவர் என்ஜின் எண்ணெய் போக நகக்கண்வரை சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து மருந்து கட்டுவார். ஆறு கிழமைக்கு ஊசி போடக்கூடாது என்பது நிபுணரின் கட்டளை.

ஐந்தாவது கிழமை மழை தொடங்கியது. மார்கழி மழை. நாலு நாள் விடாமல் பெய்தது. வீதியில் முழங்காலளவு தண்ணீர். சிகிச்சைக்குப் போகவேண்டிய ஒரு நாள் எந்த வண்டிக்காரரும் வரச் சம்மதிக்கவில்லை. அடுத்த நாள் காலை என் கணவர் தெரிந்த ஒருவரின் லொறியில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். ஆசுபத்திரி வாசல் கூரையின் கீழ், எங்கள் நகரத்துக்குள் திரிகிற மான்கள் நாலைந்து நனைந்துபோய் ஒதுங்கி நின்றன. அவற்றை விலக்கிக்கொண்டு சக்கர நாற்காலியைத் தள்ளினார்.

எனக்கு ஏற்கனவே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உடம்பில் நீர் நிறைந்து நெஞ்சுக்குள் ஏறியிருந்தது. இயந்திரத்தில் போட்டார்கள். இயந்திரம் கத்தியது. நிறுத்தி, திரும்பவும் போட்டார்கள். திரும்பவும் கத்தியது. கழுத்துக் குழாயில் இரத்தத்தை வெளியே எடுக்கிற முனை அடைத்துவிட்டது. மருந்து விட்டு ஒரு மணித்தியாலம் பார்த்தார்கள். அடைப்புப் போகவில்லை. உள்ளே செலுத்துகிற முனை மட்டும் வேலை செய்தது.

இரத்தப் பரிசோதனை வந்தது. பொட்டாசியம் கூடிவிட்டதாம், இதயமே நின்றுவிடலாமாம். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். வாட்டு டொக்டர் வந்து, "இடுப்படியில, தொடை மடிப்பில ஒரு குழாய் போடுவம். வேற வழியில்லை" என்றார்.

தொடை மடிப்பு. என் உடம்பில் அந்த இடம் எப்போதும் ஈரம். அங்கே கிருமி வருவதற்கு நாலு நாள்கூட எடுக்காது. அதைவிட, அதைப் போடுவதற்கு நான் நீட்டி நிமிர்ந்து படுக்கவேண்டும். உட்கார்ந்தே மூச்சு விட முடியாமல் இருந்தேன்.

"டொக்டர், கையில போட்டுப் பாருங்கோ" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தரம் மூச்சு வாங்கினேன்.

"ஆறு கிழமை ஆகேல்லையே அம்மா. நரம்பு கிழிஞ்சா அதுவும் இல்லாமப் போயிரும்."

"ஸ்கேன் வைச்சுப் பாத்துப் போடுங்கோ. மூதூர் மிஸ் போடுவா."

அவள் அன்று லீவில் வீட்டில் இருந்தாள். யாரோ அவளுக்குக் கோல் எடுத்தார்கள். மூதூர்ப் பக்கம் வீதியில் வெள்ளம், பஸ் ஓடவில்லை. வருவேன் என்று சொன்னாளாம், எப்படி வருவாள் என்று யாருக்கும் தெரியவில்லை. வாட்டு டொக்டர் மட்டக்களப்பு நிபுணரோடு போனில் கதைத்தார். பொட்டாசியத்துக்கு ஊசி ஏற்றினார்கள், முகமூடியில் ஒட்சிசன் வைத்தார்கள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் ஓர் இரும்புச் சுவை. பயம் என்று சொன்னால் போதாது. என் உடம்பைப் பற்றி நான் வாழ்நாள் முழுக்கக் கேட்ட சொல்லெல்லாம் அப்போது காதில் கேட்டது. இவ்வளவு பெரிய உடம்பு, ஓர் ஊசிக்கு இடமில்லாத உடம்பு.

அவள் ஒரு மணித்தியாலமும் முக்காலும் கழித்து வந்தாள். தம்பியின் உழவு மெசினில் வெள்ளத்தைத் தாண்டி, பிறகு ஓட்டோ பிடித்து வந்திருந்தாள். பர்தாவின் கீழ்ப்பக்கம் முழுக்கச் சேறு. உடுப்பு மாற்றிக் கைகழுவி வந்ததும் என்னிடம் ஒன்றும் கேட்காமல் ஸ்கேன் கருவியை என் கைமேல் வைத்தாள்.

"டொக்டர், பாருங்க. தோலுக்குக் கீழ நல்லா வந்திருக்கு. கழுத்தில உள்ளுக்குப் போற முனை வேலை செய்யிறதுதானே? அப்ப எனக்கு ஒரு ஊசி போதும். ரெத்தத்தைக் கையிலயிருந்து எடுப்பம், கழுத்தால திருப்பி விடுவம்."

டொக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெல்லிய ஊசி. பம்பை மெதுவாத்தான் ஓட்டவேணும். ஒரு தரந்தான். தவறினா இடுப்பில போடுவம்."

"அக்கா, அசையக் கூடாது."

"மூச்சு வாங்குது மிஸ்."

"மூச்சு வாங்குங்க. கை மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."

ஊசி தோலைத் தாண்டியது. அவள் கண் திரையில் இருந்தது, என்மேல் இல்லை. ஒரு கணம் நிறுத்தினாள். சாய்வைக் கொஞ்சம் மாற்றினாள். நான் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன. பிறகு ஊசியின் பின்னாலிருந்த மெல்லிய குழாயில் கடும் சிவப்பு துள்ளி ஏறியது.

பிளாஸ்டர் ஒட்டினாள், குழாயை இணைத்தாள், பம்பைத் திருகினாள். இயந்திரம் ஓடத் தொடங்கியது. கத்தவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கை வீங்கவில்லை. இரண்டாவது மணித்தியாலத்தில் நான் முகமூடியைக் கழற்றச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் தலை குனிந்தபடி சொன்னார்.

"நான் அண்டைக்கு வெளியில கையெழுத்து வைச்சனான். இடுப்பில போடச் சொல்லி. நீர் கை எண்டு கேட்டது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வைச்சனான்."

"என்னைக் கேக்காமலோ?"

"உம்மைக் கேட்டா நீர் மாட்டன் எண்டுவீர். அந்தப் பிள்ளை வெள்ளத்தில வந்து சேரும் எண்டு நான் நம்பேல்லை. எனக்குக் கை முக்கியமில்லை, நரம்பு முக்கியமில்லை. நீர் மூச்சு விடவேணும். அவ்வளவுதான் யோசிச்சனான்."

எனக்குக் கோபம் வந்தது. என் உடம்பில் எங்கே வெட்டுவது, எங்கே குத்துவது என்று எல்லாரும் தீர்மானிக்கிறார்கள், நீங்களுமா என்று கேட்டேன். மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அந்த மூன்று நாளும் காலையில் அவர் வந்து, கட்டிலருகே தயங்கி நின்று, பிறகு குனிந்து காதை வைத்துக் கேட்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான்காவது நாள், "ஓடுதோ?" என்று நானே கேட்டேன்.

தை மாத முடிவில் இரண்டு ஊசியும் கையிலேயே போடத் தொடங்கினார்கள். மாசியில் கழுத்துக் குழாயைக் கழற்றினார்கள். வருத்தம் மாறவில்லை, இயந்திரம் விடவில்லை. கையில் நீளத் தழும்பு, அதன்மேல் ஊசிப் புள்ளிகள், மழைக்கு ஒரு வலி. ஆனால் அதன்பிறகு ஒரு தரம்கூட அந்த நடுக்கம் வரவில்லை. காலையில் இரண்டு மணித்தியாலம் சிற்றுண்டிச்சாலையில் போய் உட்காருகிறேன்.

போன மாதம் மட்டக்களப்புக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். வாங்கில் எனக்குப் பக்கத்தில் கிண்ணியாவைச் சேர்ந்த ஒருவரும் மனைவியும் இருந்தார்கள். அவர் என்னைவிடப் பருமன், கழுத்தில் குழாய். முன்பு வேறு எங்கோ காட்டினார்களாம். நரம்பு இல்லை, மெலிந்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்களாம். இங்கேயும் அதையேதான் சொல்லப்போகிறார்கள், எழும்பு போவம் என்று அவர் மனைவியை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

நான் சட்டைக் கையை உயர்த்தி அந்தப் பெண்ணின் விரல்களை எடுத்து என் மேற்கையில் வைத்தேன். அதிர்வு பட்டதும் அவள் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். பிறகு தானாகவே திரும்ப வைத்தாள்.

"இது நோகாதா?"

"நோகும்" என்றேன். "ரெண்டு தரம் வெட்டினவை. முதல்ல ஸ்கேன் பண்ணச் சொல்லிக் கேளுங்கோ. விடாமக் கேளுங்கோ."

அவர் என் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் எழுவதற்கு முன்பே மனைவி எழுந்து, மருத்துவக் கோவையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கதவைத் தள்ளி உள்ளே போனாள்.